மூன்றாவது மாதிரி வகுப்பு

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல என்னால் முடியும். ஆனால் அதற்கு முன் கெட்டதாக நாலு வார்த்தை சொல்லாவிட்டால் நாத்தனாரான எனக்கு மனசு ஆறாது. பிழைக்கத் தெரியாதவள். நேரா நேரத்துக்குச் சாப்பிடத் தெரியாதவள். அடுப்பில் பால் பொங்கி வரும்போது அது ஏன் ஓரத்தில் முதலில் ஏறுகிறது என்று நின்று வேடிக்கை பார்ப்பாள். பால் முழுக்க அடுப்பில் போன பிறகுதான் அது பால் என்பதே அவளுக்கு நினைவு வரும். கடைக்குப் போய்வந்தால் மீதிச் சில்லறையை எண்ண மாட்டாள், ஆனால் கடைக்காரரின் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவரிடமே சொல்லி வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டு வருவாள். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவன், அதிகம் பேசாதவன். எப்படி இருவரும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறார்கள் என்று நான் கேட்டதற்கு, "அவ பேசுறா, நான் தேய்க்கிறேன்" என்றான். அவ்வளவுதான் அவன் கதை.

அண்ணியின் அப்பா மின்தூக்கி பழுது பார்த்தவர். சின்ன வயதில் அவருடன் மேலும் கீழும் போய்வந்தபோது, கீழே இறங்கும்போது மட்டும் வயிறு ஏன் 'ஜிவ்' என்கிறது என்று அவரைத் துளைத்தெடுத்திருக்கிறாள். அவருக்குப் பதில் தெரியவில்லை. "படிச்சுத் தெரிஞ்சுக்கோ, எனக்கும் சொல்லு" என்றாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இயற்பியலில் பட்டத்துக்கு மேல் பட்டமாகப் படித்தாள். முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை, கல்யாணத்துக்குப் பிறகு, அண்ணன் கடையின் பின்னறையில் கண்ணாடித் தூசிக்கு நடுவே உட்கார்ந்து எழுதி முடித்தாள்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது ஒரே பல்கலைக்கழகத்தில். நான் நூலகத்தில். அவள் இயற்பியல் துறையில், ஒப்பந்த ஆசிரியையாக. எங்கள் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்குப் பேர்போனது அல்ல. பாடம் நடத்துவதுதான் இங்கே முதல் வேலை. பெரிய ஆய்வுக்கூடங்கள் கிடையாது, பெரிய விருதுகள் கிடையாது; முதலாமாண்டுப் பிள்ளைகள்தான் நிறைய. ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போன காலி இடத்தில் அண்ணியை ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கல்வியாண்டும் முடியும்போது, அடுத்த ஆண்டுக்கு நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நீட்டிப்பார்கள். மறுபடியும் ஓர் ஆண்டு மூச்சு விடுவோம்.

அப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஆள் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. எல்லாரும் அண்ணிக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நான் அறிவிப்பைக் கடைசி வரிவரை படித்தேன். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க அவளுக்கு வயது தாண்டிவிடும். இந்த முறை வேறு யாராவது வந்துவிட்டால் காலி இடம் என்று ஒன்று இருக்காது. ஒப்பந்தமும் அந்தப் பருவத்தோடு முடிந்துவிடும். கிடைத்தால் ஆயுசுக்கும் வகுப்பறை. கிடைக்காவிட்டால் எதுவுமே இல்லை. இதை நான் அவளிடம் சொல்லப் போனபோது, "தெரியும்" என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அதிலேயே அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆள் எடுக்கும் முறை கொஞ்சம் வேறு மாதிரி. வெளியிட்ட கட்டுரைகளை எண்ணுவதைவிட, நிஜ மாணவர்கள் முன்னால் நடத்தும் மாதிரி வகுப்புக்குத்தான் மதிப்பெண் அதிகம். தேர்வுக் குழு ஓரமாக உட்கார்ந்து பார்க்கும். பின்வரிசையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் மட்டும் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கக் கூடாது, அவர்களுக்குத் தனி அறை.

குழுவில் முக்கியமானவர் இயற்பியல் துறைத் தலைவர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'துல்லியம்'. ஆய்வகத்தில் ஒருவன் சோம்பேறித்தனமாக, ஒருமுறை சூடாக்கிய தண்ணீரிலேயே அடுத்த சோதனையையும் செய்தால் போதும், அன்று முழுக்க அவனுக்கு அர்ச்சனை நடக்கும். "முதல்ல எவ்வளவு சூடு இருந்துச்சுன்னு தெரியாம, கடைசியில எவ்வளவுன்னு எழுதி என்ன பிரயோஜனம்?" என்பார். அப்பேர்ப்பட்டவர் இந்தத் தேர்வையும் ஒரு சோதனை மாதிரியே திட்டமிட்டார். ஒரு பிரிவில் கெட்டிக்காரப் பிள்ளைகள், இன்னொரு பிரிவில் மந்தம் என்றால் அநியாயம் ஆகிவிடுமாம். அதனால் இறுதிக்கு வந்த மூன்று பேருக்கும் ஒரே பாடம், ஒரே கால அளவு, ஒரே பந்து, ஒரே பிரிவு. அண்ணி அதுவரை நடத்தாத பிரிவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பாடம்: மேலே எறிந்த பந்து. இதைவிட நியாயமாக யாராலும் நடத்த முடியாது என்று நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அண்ணி உட்பட.

குலுக்கலில் அண்ணிக்கு மூன்றாவது இடம் வந்தது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. "எல்லாம் தூங்கி வழியும்" என்று முனகினாள்.

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே பின்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன். எதிரிகள் எப்படி என்று பார்க்க வேண்டாமா? படிப்படியாக இறங்கும் பெரிய அறை. மேசையெல்லாம் பெயர் கீறி வைத்திருந்தார்கள். மின்விசிறி ஒன்று சுற்றுவதைவிட அதிகமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது ஓர் இளைஞர். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது, அதைச் சொல்ல ஆள் இல்லை போலிருக்கிறது. குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. பந்தை மேலே எறிந்து பிடித்தார். "உச்சிக்குப் போனதும் ஒரு கணம் பந்து நிக்குது. அந்தக் கணத்துல அது மேல என்ன விசை இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். அதான் நின்னுருச்சே" என்றது வகுப்பு. நானும் மனசுக்குள் அதையேதான் சொன்னேன். பள்ளியில் இயற்பியல் பாடம் என்றாலே எனக்கு ஆகாது. இதுகூடத் தெரியாதா என்று அன்று கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவர் தப்பு என்று சொல்லவில்லை. ரொம்ப நேரம் சும்மா நின்றார். எனக்கே பரிதாபமாகிவிட்டது. பிறகு மெதுவாக, "விசையே இல்லன்னா, நின்ன பந்து அங்கேயே நிக்கணுமே. ஏன் கீழ வருது?" என்றார். வகுப்பு சலசலத்தது. ஒருவன் ஒன்று சொல்ல, இன்னொருத்தி அதை மறுக்க, ஒரே இரைச்சல். இரைச்சலை அடக்க அவர் ஒன்றும் செய்யவில்லை. நேரம் முடிந்துவிட்டது. பாடம் முடியவில்லை. குழுவில் இருந்த டீன் உதட்டைப் பிதுக்கினார். ஒரு ஆள் ஒழிந்தான் என்று நான் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்வானேன், சந்தோஷம்தான் பட்டேன்.

இரண்டாவது வந்தவர் கோட்டு போட்டிருந்தார். திரையில் படங்கள் வண்ண வண்ணமாக ஓடின. சூத்திரங்கள் வந்தன, போயின. அவர் கேட்டதற்குப் பிள்ளைகள் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். டீன் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

மதியம் அண்ணி வந்தாள். நான் பயந்த மாதிரி புடவையில் சாக்பீஸ் தூள் அப்பியிருந்தது. காலையில் தன் வழக்கமான வகுப்பையும் எடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். பந்தை எறிந்தாள். பிடித்தாள்.

"உச்சியில இருக்கும்போது பந்து மேல என்ன விசை?"

"புவியீர்ப்பு!" என்றது வகுப்பு, ஒரே குரலில். "கீழ்நோக்கி! எப்பவும் இருக்குற அதே அளவு!"

நானும் உதட்டை அசைத்தேன். எனக்கும் புரிந்துவிட்டது! விசை இல்லாவிட்டால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டல்லவா இருக்கும்! என்னையே புரியவைத்துவிட்டாள் என்றால் என் அண்ணி எப்பேர்ப்பட்ட ஆசிரியை என்று எனக்குப் புல்லரித்தது. டீன் முகம் மலர்ந்து பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கிசுகிசுத்தார். பேனாக்கள் ஓடின. வேலை கிடைத்துவிட்டது என்று அந்த நிமிஷம் நான் சத்தியம் செய்திருப்பேன்.

அண்ணி மட்டும் சந்தோஷப்படவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்தாள். பொங்கி வழியும் பாலைக் கோட்டை விடுகிறவள், பிள்ளைகள் முகத்தில் மட்டும் எதையும் விட மாட்டாள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணிடம், "எப்படிம்மா சொல்ற?" என்று கேட்டாள்.

"விசை இல்லன்னா நின்ன பந்து அங்கேயே நிக்கும்ல மேடம்?"

"இது உனக்கு எப்பத் தோணுச்சு?"

"காலையில முதல்ல வந்த சார் கேட்டாரு மேடம். அவர் போனதுக்கப்புறமும் சண்டை. சாப்பிடும்போதுகூட அதே பேச்சுதான். பின்னால இருக்குற இவன் கடைசிவரைக்கும் ஒத்துக்கவே இல்ல. அப்புறம் தண்ணி பாட்டில தூக்கிப் போட்டு விளையாடிக்கிட்டே பேசினோம். அப்பத்தான் இவனுக்கும் புரிஞ்சுது."

வகுப்பு சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பந்தை மேசைமேல் வைத்தாள். அவள் குழுவின் பக்கம் திரும்பியபோதே எனக்குப் பகீர் என்றது. வேண்டாம், வேண்டாம் என்று பின்வரிசையிலிருந்து கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். யார் பார்த்தது?

"சார், முதலாமாண்டுப் பிள்ளைங்க இந்தக் கேள்விக்கு எடுத்த எடுப்புல சரியாப் பதில் சொல்லி நான் பார்த்ததே இல்ல. இவங்களுக்கு இது காலையிலேயே புரிஞ்சிருக்கு. ஏற்கெனவே சூடான தண்ணி சார் இது."

துல்லியத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளை வாட்டி எடுக்கும் அதே தப்பை, நியாயம் நியாயம் என்று பார்த்துப் பார்த்து, அவரே செய்திருக்கிறார். டீன்தான் சமாளித்தார். "பரவாயில்லம்மா, நீங்க பாட்டுக்கு நடத்துங்க. அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்."

கதவைத் திறந்துவிட்டார் மனிதர். பேசாமல் உள்ளே போக வேண்டியதுதானே?

"நடத்துறேன் சார். ஆனா இவங்களுக்கு இப்பத் தெரிஞ்சத நான் சொல்லிக் கொடுத்ததா எழுதிடாதீங்க. அது முதல்ல வந்தவரோட வகுப்பு."

அதோடு விட்டாளா? திரும்பி வகுப்பைப் பார்த்து, "சரி, உச்சியில நிக்கும்போது வேண்டாம். மேல போய்க்கிட்டிருக்கும்போது என்ன விசை?" என்று புதுக் கேள்வியைப் போட்டாள். "கை கொடுத்த விசை!" என்றது பாதி வகுப்பு. "கை கீழேயே நின்னுடுச்சே, அது எப்படிக் கூடவே போகும்?" என்றாள். அவ்வளவுதான், மறுபடி இரைச்சல். நான் அதுவரை சேர்த்து வைத்திருந்த அறிவும் குழம்பிப் போனது. நேரம் முடிந்தது. பாடம் முடியவில்லை. பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டே வெளியே போனார்கள்.

வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். உள்ளே வந்து செருப்பைக் கழற்றியதும் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா அண்ணி? கையில வந்து விழுந்தத யாராவது தட்டிவிடுவாங்களா? உங்கள யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"அப்புறம் என்ன? நீங்க திருடினீங்களா? ஏமாத்தினீங்களா? குலுக்கல்ல வந்துச்சு. உங்க அதிர்ஷ்டம். வாய மூடிக்கிட்டு நாலு வார்த்தை பேசிட்டு வந்திருந்தா, இந்நேரம் வேலை உங்களுது."

"ஆமா" என்றாள் அண்ணி.

அந்த 'ஆமா'தான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. "என்ன ஆமா? தெரிஞ்சே செஞ்சியா நீ?" கோபம் தலைக்கேறினால் எனக்கு மரியாதை பறந்துவிடும்.

அவள் தண்ணீர் குடித்தாள். "அந்தப் பொண்ணு சொன்னத நீயும் கேட்டியே. அவங்க மதியம் சாப்பிடும்போதுகூட அதையே பேசிக்கிட்டிருந்திருக்காங்க. அப்படி ஒரு வகுப்பு நடக்கணும்னுதான் நான் தினமும் போறேன். அது அவருக்கு நடந்திருக்கு. அத என் பேர்ல எழுதுறத நான் எப்படிப் பார்த்துக்கிட்டு நிக்கிறது?"

"நல்லா நில்லு. அடுத்த பருவம் வீட்டு வாசல்ல நில்லு" என்றேன். சொன்ன வாயை மூடுவதற்குள் அண்ணன் தட்டை எடுத்து வைத்து, "சாப்பிடலாம்" என்றான். மூவரும் சாப்பிட்டோம்.

முடிவைச் சொல்ல துல்லியம் ஆள் அனுப்பவில்லை, தானே வந்தார். அண்ணி அப்போது நூலகத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மனிதர் உட்காரவில்லை. பூசி மெழுகவும் இல்லை.

"எங்களுக்குள்ள ஒத்துப்போகல. டீன் அந்த இரண்டாவது ஆளச் சொன்னார். நான் ஒண்ணுதான் கேட்டேன். அன்னைக்கு நடந்ததுல நம்பக்கூடிய அளவீடு எது? ஒருத்தர் நடத்தினது மத்தியானம்வரைக்கும் பிள்ளைங்க தலையில நின்னுச்சுங்கிறது. அது ஒண்ணுதான். அதுவும் நீங்க எடுத்துக் கொடுத்தது. அத வெச்சுக்கிட்டு நான் உங்க பேரச் சொல்ல முடியலம்மா."

"சரி சார்" என்றாள் அண்ணி.

"உங்க நேர்மையக் குழுவுல எல்லாரும் பாராட்டினாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தப் பாராட்ட வெச்சு வீட்டு வாடகை கட்டலாமா சார்?" என்று கேட்டுவிட்டேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் கோபப்படவில்லை. "கேக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவர்மேல் அன்று எனக்கு இருந்த வெறுப்பு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

பருவம் முடியும் முன்பே அந்த இளைஞர் வேலையில் சேர்ந்தார். நான் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அவருக்கு என்ன தெரியும், பாவம். அன்றைய வகுப்போடு தன் கதை முடிந்தது என்று நினைத்து வேறு ஊரில் கணக்கெழுதும் வேலைக்குச் சேரப்போனவராம். அண்ணிதான் அவரை ஆய்வகம் முழுக்கக் கூட்டிக்கொண்டு சுற்றினாள். எந்த அலமாரிப் பூட்டு இறுகும், எந்தத் தராசு பொய் சொல்லும், எந்தப் பிரிவில் பின்வரிசைப் பிள்ளைகளைப் பேசவைத்தால் வகுப்பே பேசும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். நான் அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன். இவளுக்குக் கோபமே வராதா, இவள் என்ன மனுஷியா மரக்கட்டையா என்று அண்ணனிடம் கேட்டேன். அவன் கண்ணாடியைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். "ராத்திரியில தூங்குறதில்ல" என்று மட்டும் சொன்னான்.

அவளுடைய கடைசி வாரத்தில் ஒருநாள், வகுப்புகளுக்கு நடுவே, அண்ணி நூலகத்துக்கு வந்தாள். என் மேசைக்கு வரவில்லை. பழைய இதழ்கள் கட்டி வைத்திருக்கும் அலமாரிக்குப் பின்னால் போய், தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து போனேன்.

"என்ன அண்ணி?"

"அவர் வகுப்பு வாசல்ல நின்னு கேட்டுட்டு வர்றேன்."

"எப்படி நடத்துறார்?"

அவள் கண்ணைத் துடைத்தாள்; துடைக்கத் துடைக்க வழிந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவளுடைய அப்பா போனபோதுகூடத் தனியாக எங்கேயோ போய் அழுதுவிட்டு வந்தவள்.

"நல்லா நடத்துறார். மோசமா நடத்தினா நல்லா இருக்கும்னு நினைச்சுக்கிட்டுதான் போய் நின்னேன். நல்லா நடத்துறார்டி." புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு அந்த வேலை வேணும். அன்னைக்கும் வேணும்னுதான் இருந்துச்சு, இப்பவும் வேணும். நான் ஏதோ வேண்டாம்னு விட்டுக்கொடுத்த மாதிரி எல்லாரும் வந்து பேசுறாங்க. நான் வேண்டாம்னு சொல்லவே இல்ல."

அத்தனை நாளும் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய. அத்தனையையும் அப்படியே விழுங்கிவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். "தெரியும் அண்ணி" என்றேன். அதுவரை தெரியாது. அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மணி அடித்தது. அவளுக்கு முதலாமாண்டு வகுப்பு இருந்தது. எழுந்து, குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அழுதது தெரியுதா?"

கண் இரண்டும் சிவந்து, மூக்கு வீங்கியிருந்தது. இவளிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"நல்லாவே தெரியுது" என்றேன்.

"தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.